வெயிலில் ஓடிய வைப்பர்

காவல் நிலையத்தில் பெயர் கேட்கப்பட்டது. பள்ளியில் பதிந்துள்ள பெயரை எழுத்தர் அம்மா மேலே தனியாகக் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாரும் கை காட்ட மாட்டார்கள். குறளி என்று கேட்டால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டு, இப்போது என்ன செய்தாள் என்றும் கேட்பார்கள். வயது பதினாறு. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர் வரிசையில் உள்ள தையல் கடையின் மாடியில், அந்தக் கடையை நடத்தும் என் அத்தையுடன் வசித்து வருகிறேன். எனக்குப் பதினெட்டு நிறையாததால் அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு எதிரே சாலையில் வெள்ளைக் கோடு போட்ட நடைபாதைக் கடவு ஒன்று உள்ளது. சிக்னல் கிடையாது. பெரும்பாலான வண்டிகளுக்கு அந்தக் கோடு வெறும் கோலம்தான். நடந்து போகிறவர் ஒரு காலை எடுத்து வைப்பார், வண்டி வேகமாக வரும், காலைப் பின்னால் இழுப்பார், வண்டி நிதானிக்கும், மறுபடியும் வைப்பார், அதுவும் நகரும். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் கோட்டு நடனம்.

இந்த நடனத்தை ஒழித்தவர் காலைப் பேருந்தின் ஓட்டுநர். அவரை நாங்கள் வைப்பர் மாமா என்போம். காலையில் வெயில் அந்தப் பேருந்தின் முன் கண்ணாடியில் நேராக அடிக்கும், உள்ளே ஓட்டுநர் கை காட்டினாலும் வெளியே தெரியாது. ஆகவே அவர் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடி துடைக்கிற வைப்பரை ஒரே ஒரு முறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைப்பார். நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன் என்று பொருள். இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, எங்களுக்கும் யாரும் விளக்கவில்லை. முதல் நாளே புரிந்துவிட்டது. அதன் பிறகு கடக்கிறவர்களும் தங்களால் ஆன பதிலைச் சொல்லத் தொடங்கினார்கள். தபால்காரர் தொப்பியைத் தூக்குவார். மின்சார வேலை பார்க்கிற அண்ணன் கையில் இருக்கிற கட்டிங் பிளேயரைத் தூக்குவார். நான் முழங்கையை மடித்து, முன்கையை வைப்பர் மாதிரி ஆட்டுவேன்.

அவரையும் நான் சீண்டாமல் விட்டுவைத்தேன் என்று சொன்னால் அத்தையே இங்கே மறுப்பு எழுதித் தருவார். ஒரு நாள் கோட்டில் காலை வைத்துவிட்டு, அவர் நின்றதும் காலை எடுத்தேன். அவர் கிளம்பவில்லை. மறுபடியும் வைத்து எடுத்தேன். வேறு ஓட்டுநராக இருந்தால் என் வம்சத்தையே விசாரித்திருப்பார். இவர் பக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "முடிவு பண்ணிட்டு மெதுவாச் சொல்லும்மா. உள்ள இருக்கிறவங்க எல்லாரும் உன் முடிவுக்குத்தான் காத்திருக்காங்க" என்றார். பேருந்து முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் தலை. அன்றைக்கு நான் கடந்த வேகத்தில் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடியிருந்தால் கோப்பை வாங்கியிருப்பேன். என்னை வாயடைக்க வைத்த முதல் பெரிய மனிதர் அவர்தான்.

சம்பவத்தைப் பற்றி மட்டும் சொல்லும்படி எழுத்தர் அம்மா சொன்னதால் சம்பவத்துக்கு வருகிறேன்.

கடந்த திங்கட்கிழமை காலை எங்கள் கடையின் துணிப் பொம்மைக்கு, அதாவது உடை மாட்டிக் காட்சிக்கு வைக்கிற ஆளுயரப் பொம்மைக்கு, எதிர்ப்பக்கம் உள்ள பெயிண்டரிடம் முகம் பூச வேண்டியிருந்தது. வெயிலில் அதன் மூக்கு உரிந்துபோயிருந்தது. பொம்மையை வெறுமனே தெருவில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று அத்தை அதற்கு ஒரு நீல கவுன் மாட்டிவிட்டார். பள்ளிக்கு நான் ஒரு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்த சட்டையில் பொத்தான் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அத்தை துணி மூட்டையோடு முன்னால் கடந்துவிட்டார். நான் பொம்மையை அதன் அடிப்பலகையோடு தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். சாலையின் நடுவில் பொம்மையின் வலது கை கழன்று விழுந்தது. பொம்மையைக் கோட்டின் மேல் நிமிர்த்தி நிறுத்திவிட்டு, கையை எடுக்கக் குனிந்தேன்.

அப்போது வைப்பர் மாமாவின் பேருந்து வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்து, கோட்டுக்கு நன்றாக முன்னால் நின்றது. நான் குனிந்திருந்தேன், ஆனால் பிரேக் கிறீச்சிட்டிருந்தால் கேட்டிருக்கும், கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வைப்பர் ஒரு முறை அசைந்தது. பதில் சொல்லாமல் போவது என் பழக்கம் இல்லை. என் கையில் பொம்மையின் கை இருந்ததால், அதையே தலைக்கு மேல் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். படிக்கட்டில் நின்ற நடத்துனர் சிரித்தார். "மாமா, மகாராணியே வணக்கம் சொல்றாங்க" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அதற்கு மரியாதையாக வைப்பர் இன்னொரு முறை அசைந்தது. அதன் பிறகு நான் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பொம்மையைத் தூக்கப் போனேன்.

அந்த நேரத்தில் பேருந்தின் பின்புறம் டமால் என்று சத்தம் கேட்டது. பேருந்து ஒரு குலுங்கு குலுங்கியது. அத்தை ஓடி வந்து என்னைத் தரதரவென்று நடைபாதைக்கு இழுத்துப் போனார். அந்த அவசரத்தில் பொம்மை கோட்டிலேயே நின்றுவிட்டது, அதன் கை மட்டும் என்னோடு வந்துவிட்டது.

பின்னால் மோதியது ஒரு வெள்ளைக் கார். அதிலிருந்து இறங்கியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்தது. ஊருக்கே பார்வை விற்கிறவருக்கு, முன்னால் நின்ற பேருந்து ஏன் தெரியவில்லை என்று நான் கேட்கவில்லை. இங்கே சொல்லி மட்டும் வைக்கிறேன். அவர் முன்னால் வந்து பார்த்தபோது சாலையில் இருந்தது பொம்மை ஒன்றுதான். மோதிய அதிர்ச்சியில் ஓட்டுநரின் கை சுவிட்சைத் தள்ளிவிட்டதால், காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. காரில் வந்தவர் இரண்டையும் போனில் படம் எடுத்தார்.

வைப்பர் மாமா இறங்கி வந்து முதலில், "சார், உங்களுக்கு அடி கிடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

"ஆளே இல்லாத ரோட்டுல எதுக்குய்யா சடன் பிரேக் போட்ட? பொம்மைக்கு வழி விடுற. சுள்ளுன்னு வெயில் அடிக்குது, வைப்பர் போடுற. காலையிலயே ஏத்திட்டு வந்திருக்கியா?"

நான் நடைபாதையில் நின்றேன். பொம்மையின் கை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஆள் இருந்தது, அது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வைப்பர் மாமா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையைக் கொஞ்சமாக அசைத்தார், அவருடைய வைப்பர் மாதிரியே ஒரே ஒரு முறை. பிறகு காரில் வந்தவரிடம், "பொம்மைன்னு தெரியல சார். நின்னுட்டேன்" என்றார். நடத்துனர் ஏதோ சொல்ல வந்தபோது, "நீ போயி ஜனங்கள அடுத்த வண்டியில ஏத்தி விடு" என்று அனுப்பிவிட்டார். அதன் பிறகு கோட்டுக்குப் போய், பொம்மையை இரண்டு கையாலும் பத்திரமாகத் தூக்கிவந்து அத்தையின் பக்கத்தில் நிறுத்தினார். கவுன் ஒரு பக்கம் ஏறியிருந்தது. அதை இழுத்துச் சரி செய்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு இரண்டு நாள் காலைப் பேருந்தை வேறொருவர் ஓட்டினார். கோட்டு நடனம் திரும்ப வந்துவிட்டது. புதன்கிழமை நடத்துனர் சட்டைப் பொத்தான் தைக்கக் கடைக்கு வந்தார். மாமாவை வேலையை விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், புகார் உறுதியானால் ஓட்டுநர் உரிமமே போய்விடும் என்றார். குடித்திருக்கவில்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது, ஆனால் காரணமில்லாமல் திடீரென்று நிறுத்தினார் என்பது அப்படியே நிற்கிறது, தான் சொன்னதை, உடன் வேலை செய்கிறவரின் சாட்சிதானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்.

"நான் அங்க இருந்தேன்னு அவர் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். நடு ரோட்டுல பொம்மைய வெச்சு ஒரு பொண்ணு விளையாடுச்சுன்னு எழுதிருவாங்கடா, ஸ்கூல் வரைக்கும் போகும், சின்னப் புள்ளன்னாரு. எனக்கு பஸ்ஸு போனா நடந்து போவேன், அதுக்கென்னன்னாரு."

அத்தை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே இதைக் கேட்டார். நூல் இரண்டு தடவை தவறியது. அத்தைக்கு நூல் தவறி நான் பார்த்ததில்லை. நடத்துனர் போன பிறகு, "வாய் நீளம் வாய் நீளம்னு ஊரே சொல்லுதில்ல? நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா. அந்த நீளம் எதுக்காவது ஆகட்டும்" என்றார்.

ஆகவே நான் சொல்வது: சாலையில் ஆள் இருந்தது. அந்த ஆள் நான். பேருந்து திடீரென்று நிற்கவில்லை. அது நின்ற பிறகு நான் பொம்மையின் கையைத் தேடி எடுத்து, நிமிர்ந்து, ஆட்டி, நடத்துனர் சிரித்து, வைப்பர் இரண்டாவது தடவையும் அசைந்த பிறகுதான் கார் வந்து மோதியது. அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்ற பேருந்தைத் திடீரென்று நின்றது என்று சொல்ல முடியாது. வெயிலில் வைப்பர் அசைந்தது போதையாலும் இல்லை, தவறுதலாலும் இல்லை. அது எனக்குச் சொன்ன மரியாதை. தபால்காரரும் மின்சார அண்ணனும் இதைச் சொல்ல வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கையை ஆட்டி விளையாடாமல் இருந்தால் பேருந்து முன்பே கிளம்பியிருக்கும் அல்லவா என்று எழுத்தர் அம்மா கேட்டதற்கு, ஆம் என்று சொல்கிறேன். அதற்கு என்ன நடவடிக்கையோ அதை என் மேல் எடுக்கலாம். வழி விட்ட ஒருவருக்கு நான் பதில் மரியாதை செய்தேன். அதற்காக அவர் வண்டி இல்லாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொம்மைக்கு வழி விட்டார் என்று அவரைக் கேலி பேசுகிறார்கள். பொம்மைக்கே நிற்கிறவர் எனக்கும் நிற்பார் என்று தெரிந்துதான் எங்கள் தெருவில் பிள்ளைகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

பொம்மையின் வலது கையை ஆதாரமாகக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். மணிக்கட்டில் உள்ள சிராய்ப்பு அன்று சாலையில் விழுந்தபோது ஏற்பட்டது.

பேசும்போது ஏன் ஜன்னலையே பார்க்கிறாய் என்று எழுத்தர் அம்மா கேட்டார்கள். நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், சாலை ஓரத்தில் வைப்பர் மாமா நிற்கிறார். விசாரணைக்கு அவரையும் இன்று வரச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. பொம்மைக்கு அத்தை கவுன் மாட்டியதை நான் சொல்லும்போதே அவர் அங்கே வந்துவிட்டார். இங்கேயும் வெள்ளைக் கோடு இருக்கிறது. அவர் காலை வைக்கிறார், எடுக்கிறார். இதுவரை ஒரு வண்டியும் நிற்கவில்லை. மேசை மேல் உள்ள கையை எனக்குச் சற்று நேரம் இரவல் தரும்படியும், கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது எனக்கே படித்துக் காட்டப்பட்டது. கேலியாக இருந்த இடங்களை நீக்கலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன், அதுவும் நடந்ததுதான். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) குறளி
(ஒப்பம்) அத்தை, தையல் கடை

எழுத்தர் குறிப்பு: ஆதாரப் பொருளான பொம்மைக் கை, வாக்குமூலம் அளித்தவர் கேட்டுக்கொண்டபடி அவரிடம் கொடுக்கப்பட்டது. நிலையத்தின் முன் சாலையில் இரு பக்கமும் வாகனங்கள் நின்றன. பொருள் சேதமின்றித் திரும்பப் பெறப்பட்டது. கொண்டுவந்து கொடுத்தவர் ஓட்டுநர்.