சகலை குடித்துப் பார்த்த பொடி

பிளாஸ்டிக் நாற்காலி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் காலைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு கவிழ்த்துப் பார்ப்பார்கள். இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை, டாக்டரம்மா. பத்தொன்பது வருஷமாக நாற்காலிக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஒரு நாற்காலி தாங்குமா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. யாராவது உட்கார வேண்டும். கம்பெனியில் நாங்கள் மணல் மூட்டையை உட்கார வைப்போம். நூற்றில் ஒரு நாற்காலியை எடுத்து, எண்பது கிலோ மூட்டையை அதன்மேல் போட்டு, கால் விரிகிறதா, முதுகு பிளக்கிறதா என்று பார்ப்போம். தாங்கினால் மீதித் தொண்ணூற்றொன்பதையும் லாரியில் ஏற்றிவிடுவோம். இதுவரை பெரிதாகப் புகார் வந்ததில்லை.

நேற்று சாயங்காலம் நீங்கள் நாலு தாளை என் கையில் கொடுத்து, "என்ன குடுத்தீங்க, எவ்வளவு குடுத்தீங்க, எத்தனை நாளா குடுத்தீங்க, ஒண்ணு விடாம எழுதுங்க" என்றீர்கள். அதை மட்டும் எழுதினால் ஒரே வரியில் முடிந்துவிடும். என்னைப் பற்றியும் தாறுமாறாக நினைத்துவிடுவீர்கள். அதனால் எப்படி நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் மனைவியை உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, இந்த ஊரில் பாதிப் பேரைச் சாலைக்கு இறக்கிவிட்டவள். மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று நீங்கள் சொன்ன அன்று அவள் அழவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் என்னிடம் சொன்னாள்: "டாக்டர் சொல்றதைத் தவிர வேற எதுவும் என் வாய்க்குள்ள போகக் கூடாது. சொந்தக்காரங்க ஆளுக்கொரு வைத்தியத்தைத் தூக்கிட்டு வருவாங்க. அவங்களோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இருக்காது. அந்த வேலை உங்களோடது."

சரி என்றேன். சத்தியம் கித்தியம் எதுவும் செய்யவில்லை என்றாலும், சரி என்று சொன்னது நான்தான்.

அவள் சொன்னபடியே வந்தார்கள். முதலில் வந்தவள் என் அக்கா. கசப்பு இலைச் சாறு, இரண்டு பாட்டில். அடுத்து என் மைத்துனர், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் கொண்டுவந்தது காளான் மாத்திரை. அதோடு பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு புத்தகம். மூன்றாவதாக மேல்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவரிடம் பச்சை நிறத்தில் ஏதோ சொட்டு மருந்து. "ரெண்டு சொட்டு கூடப் போனா பரவாயில்ல சார், ஒரு சொட்டு குறைஞ்சாதான் ஆபத்து" என்றார். அளவெடுத்தே பிழைத்த மனிதர் பேசுகிற பேச்சா இது.

வேண்டாம் என்று நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தேன். அக்கா மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் நாலு பாட்டிலோடு வந்தாள். மைத்துனரோ, "அவ செத்தா நீங்கதான் பதில் சொல்லணும் மாப்பிள்ளை" என்று என் மனைவியின் காதில் விழுகிற மாதிரி சொன்னார். இவர்களை வாயால் ஜெயிக்க முடியாது என்பது அன்றைக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒருத்தர் கொண்டுவந்ததை இன்னொருத்தருக்குக் கொடுப்பது அநியாயம். அவரவர் சரக்கை அவரவருக்கே கொடுத்தேன். எனக்கு நியாயம் முக்கியம்.

அக்காவுக்குச் சூப்பில் கலந்தேன். குடித்துவிட்டு எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவில் ஐந்து தடவை நடந்தாள். ஆறாவது தடவை போனவள் உள்ளேயிருந்தபடியே, "உங்க வீட்டுத் தண்ணி சரியில்லடா" என்றாள். நோட்டில் 'தேறவில்லை' என்று எழுதினேன். மேல்வீட்டுக்காரருக்குக் காபியில் இருபது சொட்டு. ஒரு நிலத்தகராறைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், எல்லைக் கல்லை யார் பிடுங்கினார்கள் என்று சொல்வதற்கு முன்பே எங்கள் சோபாவில் சாய்ந்து மூன்று மணி நேரம் தூங்கினார். அதுவும் தேறவில்லை. மைத்துனருக்கு மாத்திரைகளைப் பிரித்து முட்டைப் பொரியலில் தூவினேன். உதடு இரண்டும் வீங்கி, ஒன்றரை நாள் அவரால் பேச முடியவில்லை. இதைத் தேறியதாக எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இதெல்லாம் என் மனைவிக்குத் தெரியும். இரண்டாவது கீமோவுக்கு வந்தபோது நானே சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கையில் குத்தியிருந்த குழாய் ஆடியது. நர்ஸம்மா ஓடிவந்து, "என்னம்மா, வலிக்குதா?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டர், எங்க அண்ணனுக்கு உதடு வீங்கிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். முடி கொட்டிய பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நம்பி விட்டது வீண்போகல" என்றாள்.

அவள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். நான் பரிசோதனை நடத்திக்கொண்டிருந்தேன்.

நாலாவதாக வந்தவர் சகலை. என் மனைவியின் தங்கை புருஷன், இன்ஷூரன்ஸ் முகவர். ஒரு பழுப்பு நிற வேர்ப்பொடியைக் கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்தார். ஜாடிமேல் பெயர் இல்லை. செய்து கொடுத்தவர் வீட்டிலும் பலகை இல்லையாம். "பலகை மாட்டினா கூட்டம் தாங்காது சகலை" என்றார். வழக்கம்போல அவருக்கே காபியில் கொடுத்தேன், நாலு ஞாயிற்றுக்கிழமை.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் மதியச் சோற்றை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாவது வாரம், முழங்கால் வலியால் மூன்று வருஷமாகப் படியில் பக்கவாட்டில் இறங்குகிறவர், கைப்பிடியைத் தொடாமல் நேராக இறங்கினார். நாலாவது வாரம் வாசலில் நின்றபடியே, "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. உங்க வீட்டுக் காபியில அப்படி என்னதான் போடறீங்க?" என்று கேட்டார். நோட்டில் 'தேறியது' என்று எழுதினேன். கீழே ஒரு கோடும் போட்டேன்.

இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. உடனே கொடுத்துவிடவும் இல்லை. என்னை அவசரக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. பதினோரு நாள் அந்த ஜாடி அலமாரியிலேயே இருந்தது.

மூன்றாவது கீமோவுக்கு வந்தோம். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் எப்போதும் பச்சைச் சால்வை போர்த்திய ஒரு அம்மா இருப்பார், உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் நர்ஸம்மாக்களுக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள். அன்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பயம், டாக்டரம்மா, வேறொன்றுமில்லை. இவள் இல்லாத வீட்டில் நான் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவது போலத் தோன்றிவிட்டது. கட்டி நாலு சென்டிமீட்டரிலிருந்து இரண்டரைக்குச் சுருங்கிவிட்டது என்று அன்றுதான் நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அது என் காதில் விழுந்தது. உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஆரம்பித்தேன். ஒரு தேக்கரண்டி, வாழைப்பழம் அடித்த பாலில். பொடி நல்ல கசப்பு என்று கொடுக்கும்போதே சகலை சொல்லியிருந்தார். ஆனால் கீமோவுக்குப் பிறகு அவள் நாக்குதான் செத்துப்போயிருந்ததே. எதைக் குடித்தாலும் இரும்பு மாதிரி இருக்கிறது என்பாள். அது எனக்கு வசதியாகப் போயிற்று. வேறு யார் எதைக் கொடுத்தாலும் முகம் திருப்புகிறவள், "நீங்க கலக்குறதுனால குடிக்கிறேன்" என்று கடைசிச் சொட்டு வரை குடிப்பாள். தம்ளரை நானே கழுவி வைப்பேன்.

நாலாவது கீமோவுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் லிவர் கணக்கு ஏறியிருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டீர்கள். "வேற மருந்து ஏதாவது எடுக்குறாங்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். பெயரே எழுதாத ஜாடியில் இருப்பதை மருந்து என்று நான் எப்படிச் சொல்வது? என் மனைவி என்னை முந்திக்கொண்டு, "அதெல்லாம் இவர் ஒருத்தரையும் கிட்ட விடமாட்டார் டாக்டர்" என்றாள். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் இன்னும் ஏறியது. மறுபடி தள்ளிப்போட்டீர்கள், மறுபடி கேட்டீர்கள், மறுபடி இல்லை என்றேன். லிவர் கெடுகிறதே என்று எனக்கும் கவலைதான். அதனால் ஒரு தேக்கரண்டியை ஒன்றரை ஆக்கினேன். சகலைக்கு அது எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே.

பத்து நாளைக்கு முன்னால் சகலையே வந்தார். கண் இரண்டும் மஞ்சள். எங்கள் வீட்டுக் காபியால் வந்த சுறுசுறுப்பைப் பார்த்து அவருக்கு ஆசை வந்திருக்கிறது. போதாததற்கு அந்தப் பொடியையும் தினமும் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தனியாக ஒரு ஜாடி வாங்கி ஒரு மாசமாகத் தின்றிருக்கிறார். இப்போது வேறொரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். லிவர்தான். அந்தப் பொடியில் யாருக்கும் தெரியாமல் என்னென்னவோ கலந்திருப்பார்கள், முதலில் வந்த தெம்பும் அந்தக் கலப்படத்தின் வேலைதான் என்று அங்கே சொன்னார்களாம்.

உடனே நிறுத்தியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நாற்காலி உடைந்தது என்று மொத்தச் சரக்கையும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மூட்டை கோணலாக விழுந்தாலும் கால் உடையும். சகலை வெளியில் கண்ட தண்ணீரைக் குடிக்கிறவர், தினம் ஒரு ஊர் போகிறவர். குறை பொடியிலா, அவரிலா என்று தெரிந்துகொள்ள இன்னொரு சாம்பிள் வேண்டும். அந்தப் பொடியைச் சாப்பிடுகிற ஆள் எங்கள் வீட்டில் இன்னொருத்திதான் இருந்தாள். அதனால் மேலும் ஒன்பது நாள் கொடுத்துப் பார்த்தேன்.

நேற்று மூன்றாவது தடவையாகக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சேதியைச் சொன்னீர்கள். கட்டி மறுபடி மூன்றரைக்கு வந்துவிட்டது. இந்தக் கீமோ மருந்து அவள் லிவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டும். "புதுசு இந்த அளவுக்குக் கேட்குமா?" என்று கேட்டேன். "கேட்காது. ஆனா வேற வழியில்ல" என்றீர்கள். அப்போதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்ல சரக்கை உடைசல் என்று ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் தொழிலுக்கே அடுக்காது. அதனால்தான் உங்கள் பின்னாலேயே நடைபாதைவரை வந்து, மருந்தின் பேரில் தப்பில்லை, இப்படி ஒரு பொடி இருக்கிறது என்று சொன்னேன். ஜாடியையும் இதோடு கொடுத்தனுப்புகிறேன். பாதிக்கு மேல் காலி. ஒரு தேக்கரண்டி, பிறகு ஒன்றரை, மொத்தம் நாற்பத்தொரு நாள். பழைய மருந்தையே தொடர லிவர் இறங்கிவருமா, அதற்குள் கட்டி எவ்வளவு வளரும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். காப்பாற்றிக் கொடுங்கள், டாக்டரம்மா. அவள் இல்லாமல் என்னால் முடியாது.

அவளிடம் நானே சொல்ல வேண்டும் என்றீர்கள். இன்று காலையில் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளா?"

"நாப்பத்தொண்ணு."

"அந்தப் பால்லயா?"

"ஆமா."

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஒரு நாளாவது நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?"

அவளிடம் இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"அதுல என்ன இருக்குன்னே தெரியாது. அதைப் போய் எப்படிக் குடிக்கிறது?" என்றேன்.