எரியுதா மாமா?

கொழுந்தியா: இப்ப?

மாமா: எரியல.

கொழுந்தியா: நல்லாப் பாருங்க மாமா. ரிவர்ஸ் கியர் போட்டுப் பிடிச்சுட்டுதான் உக்காந்திருக்கேன்.

மாமா: நல்லாத்தான் பாக்கறேன். உன் வைரிங் பல்லிளிச்சுடுச்சு.

கொழுந்தியா: டிரெய்லர் லைட்டு ரெண்டுமா?

மாமா: ரெண்டும். உன்னையும் உன் அக்காவையும் மாதிரிதான். ஒண்ணு மூஞ்சியைத் தூக்கி வெச்சா இன்னொண்ணும் தூக்கி வெச்சுக்குது.

கொழுந்தியா: இருங்க, இதை அப்படியே அக்காகிட்ட சொல்றேன்.

மாமா: சொல்லு. எனக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம்னும் சேத்துச் சொல்லிடு.

கொழுந்தியா: பல்பு போயிருக்குமோ... டிரெய்லருக்கு மாட்டறப்பவே பேட்டரியில வெச்சுப் பாத்தேனே, பளிச்னு எரிஞ்சுதே.

மாமா: அப்ப எரிஞ்சிருக்கும். கல்யாணத்தன்னைக்கு நானும் பளிச்னுதான் இருந்தேன்.

கொழுந்தியா: போட்டோவைப் பாத்தேன். பயந்து போய் நிக்கறீங்க.

மாமா: உன் அப்பா பக்கத்துல நின்னா யாரும் பயப்படுவாங்க.

கொழுந்தியா: கியரை விடறேன். எர்த் சரியில்லையோ என்னவோ. டிரெய்லர் சட்டத்துல பெயிண்ட் மேலயே ஸ்க்ரூ போட்டுட்டேன்.

மாமா: பெயிண்ட் இருந்தா என்ன?

கொழுந்தியா: கரண்டு திரும்பி வரணும்ல மாமா. போன கரண்டு போன இடத்துலயே உக்காந்துட்டா லைட்டு எப்படி எரியும்?

மாமா: உன் புருஷன் மாதிரின்னு சொல்லு.

கொழுந்தியா: அவரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அந்த உப்புக் காகிதத்தை எடுங்க... இது இல்ல, முரடா இருக்கும் பாருங்க... ஆங், அதான்.

மாமா: இவ்வளவு பாடு எதுக்கும்மா? வெளியில ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா...

கொழுந்தியா: விடியறதுக்கு முன்னாடி தேனீப் பெட்டியெல்லாம் சூரியகாந்திக் காட்டுல இறக்கணும். பூ விரிஞ்சு நிக்குது. வெளிச்சம் வந்துட்டா தேனீ வெளிய கிளம்பிடும், அப்புறம் பெட்டியைத் தொட முடியுமா? மெக்கானிக் எந்திரிச்சுப் பல்லு தேய்க்கவே மத்தியானம் ஆயிடும்.

மாமா: ஒரு நாள் தள்ளிப் போட்டா...

கொழுந்தியா: பூ தள்ளிப் போடுமா? நகருங்க, தூசி கண்ணுல விழப் போகுது.

மாமா: விழட்டும்.

கொழுந்தியா: என்ன?

மாமா: ஒண்ணுமில்ல. சுரண்டு.

கொழுந்தியா: சுரண்டியாச்சு. ஸ்க்ரூவையும் முடுக்கிட்டேன். போய் உக்காந்து கியர் போடறேன். கையை எடுத்தா நழுவிடுது, எங்க வாங்கினீங்க இந்த வண்டியை?

மாமா: பொண்ணு குடுக்கற வீட்டுல கார் குடுப்பாங்க. உன் அப்பா கியர் நிக்காத வண்டியைக் குடுத்தாரு.

கொழுந்தியா: வண்டி குடுத்தாங்கல்ல, அதைச் சொல்லுங்க. என் புருஷனுக்கு சைக்கிள் கூடக் கிடைக்கல... போட்டுட்டேன். எரியுதா மாமா?

மாமா: ...

கொழுந்தியா: மாமா?

மாமா: எரியல.

கொழுந்தியா: யோசிச்சுச் சொல்றீங்க?

மாமா: எரியாததுல என்ன யோசனை? தும்மல் வந்துச்சு, நின்னுடுச்சு.

கொழுந்தியா: அப்ப கரண்டு பின்னாடி வரைக்கும் வரலன்னு அர்த்தம். இடம் மாத்திக்கலாம். நீங்க இங்க வந்து கியரைப் பிடிங்க, நான் பிளக்குல டெஸ்ட் லைட்டு வெச்சுப் பாக்கறேன்.

மாமா: நானா? வேண்டாம், நீயே அங்க இரு.

கொழுந்தியா: எனக்கென்ன நாலு கையா இருக்கு? ஏறுங்க மாமா. டிரைவர் சீட்டுல உக்காரச் சொன்னா ஊசி போடற மாதிரி முழிக்கறீங்க.

மாமா: மூட்டு வலி.

கொழுந்தியா: காலையில காலிப் பெட்டியெல்லாம் தூக்கி வெச்சப்ப எங்க போச்சு அந்த மூட்டு?

மாமா: அப்ப உன் அக்கா பாத்துக்கிட்டிருந்தா.

கொழுந்தியா: சாவியைத் திருப்புங்க. எஞ்சின் வேண்டாம். கியர் போட்டீங்களா?

மாமா: போட்டுட்டேன்.

கொழுந்தியா: பிடிச்சிருக்கீங்களா?

மாமா: பிடிச்சிருக்கேன்.

கொழுந்தியா: நடுப் பின்னுலதான் ரிவர்ஸ் கரண்டு வரும்... இல்லையே. செத்துக் கிடக்கு.

மாமா: பாத்தியா? நான் சொன்னேன்ல.

கொழுந்தியா: வண்டியோட சொந்த ரிவர்ஸ் லைட்டு உடையாம இருந்திருந்தா அதைப் பாத்தே சொல்லியிருப்பேன். அதையும் என்னைக்கோ உடைச்சு வெச்சுட்டீங்க.

மாமா: நான் உடைக்கல. மாடு முட்டுச்சு.

கொழுந்தியா: அன்னைக்கு பின்னாடி வந்து உடைச்சீங்களே, அந்தத் தண்ணித் தொட்டியும் மாடு முட்டினதுதானா?

மாமா: அதை எதுக்கு இப்ப இழுக்கற?

கொழுந்தியா: சும்மா சொன்னேன் மாமா. மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. அன்னைக்கு இருட்டு. பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. யாரா இருந்தாலும் இடிச்சிருப்பாங்க.

மாமா: ஆமா... இருட்டுதான்.

கொழுந்தியா: அதுக்குத்தானே இந்த லைட்டு. இனிமே பின்னாடி பகல் மாதிரி இருக்கும். ராஜா மாதிரி பின்னாடி வரலாம்.

மாமா: எரிஞ்சாத்தானே.

கொழுந்தியா: எரிய வெக்கறேன். பியூஸ்தான் போயிருக்கணும். சீட்டுக்கடியில டப்பா இருக்கு, இறங்குங்க.

மாமா: நான் ஒண்ணு சொல்லட்டுமா?

கொழுந்தியா: சொல்லுங்க.

மாமா: நாளைக்கு நீயே ஓட்டேன்.

கொழுந்தியா: நானா? நேரா ஓட்டச் சொல்லுங்க, ஊரைச் சுத்தி வர்றேன். டிரெய்லரை வெச்சுக்கிட்டு பின்னாடி போறது என்னால ஆகாது. இடது ஒடிச்சா அது வலது போகுது.

மாமா: ஸ்டியரிங்கை அடியில பிடி. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையை நகத்து. அவ்வளவுதான்.

கொழுந்தியா: அவ்வளவுதானா? இத்தனை நாளா சொல்லவே இல்ல?

மாமா: சொல்லிட்டா அப்புறம் என்னை யாரு மதிப்பா?

கொழுந்தியா: இப்ப மட்டும்...

மாமா: பியூஸைப் பாரு.

கொழுந்தியா: நல்லாத்தான் இருக்கற மாதிரி தெரியுது. சரி, எதுக்கும் புதுசு போட்டுடறேன். உள்ள போறேன், நீங்க பின்னாடி போங்க. சுவத்துக்கு ரொம்ப ஒட்டி நிக்காதீங்க, லைட்டைத் தள்ளி நின்னு பாருங்க... எரியுதா மாமா?

மாமா: எரியல.

கொழுந்தியா: இந்தப் பாழாப்போன... சரி, இருங்க. நானே வந்து பாக்கறேன்.

மாமா: நீ வந்தா கியர் நழுவிடும். வந்து என்னத்தைப் பாக்கப் போற?

கொழுந்தியா: கழட்டியே பாத்துடறேன். ஸ்க்ரூ டிரைவர்... மாமா.

மாமா: என்ன?

கொழுந்தியா: லைட்டு மூடி சூடா இருக்கு.

மாமா: நாள் முழுக்க வெயில்ல நிக்குதுல்ல.

கொழுந்தியா: வெயில் எங்க வந்துச்சு? சுவத்து நிழல்லதான் நிக்குது. சட்டத்தைத் தொட்டுப் பாருங்க, சில்லுனு இருக்கு.

மாமா: இரும்பு அப்படித்தான் இருக்கும். உன் கை சூடா இருக்கும். உன் அக்காவுக்கும் கை எப்பவும் கொதிக்கும். நெத்தியில கை வெச்சா எனக்கே காய்ச்சல்னு நினைச்சுக்குவேன்.

கொழுந்தியா: ம்...

மாமா: என்ன ம்?

கொழுந்தியா: ஒண்ணுமில்ல. கழட்ட வேண்டாம். கொஞ்சம் இருட்டட்டும், இன்னொரு தடவை பாக்கலாம்.

மாமா: எத்தனை தடவை பாத்தாலும் அதேதான். பக்கத்து ஒர்க்‌ஷாப் பையன் ஒருத்தன் ஓட்டறானாம். கூப்பிட்டா வருவான். லைட்டு இல்லாம நான் எடுத்தா உன் அக்கா என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவா.

கொழுந்தியா: தேனீப் பேரைக் கேட்டாலே ஓடற பையன் அவன். போன தடவை கதவைக் கூடத் திறக்கல, உள்ளயே உக்காந்து அழுதான்.

மாமா: அழுதாலும் நல்லா ஓட்டறான்.

கொழுந்தியா: ஒரு தேனீ உள்ள வந்தா ஸ்டியரிங்கை விட்டுட்டு ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்குவான். வேண்டாம் மாமா... இருட்டிடுச்சு, இந்தாங்க தண்ணி. குடிச்சுட்டு போய் நில்லுங்க. கடைசித் தடவை.

மாமா: அதையே எத்தனை கடைசித் தடவை சொல்லுவ?

கொழுந்தியா: உங்க மாமனார் வீட்டு ஆளுங்க நாங்க எல்லாத்தையும் பலதரம்தான் சொல்லுவோம். நில்லுங்க.

மாமா: நின்னுட்டேன்.

கொழுந்தியா: கியர் போட்டாச்சு... எரியுதா மாமா?

மாமா: எரியல.

கொழுந்தியா: ரெண்டுமா?

மாமா: ரெண்டும்தான்.

கொழுந்தியா: ...

மாமா: என்னம்மா, சத்தத்தையே காணோம்? தூங்கிட்டியா?

கொழுந்தியா: இங்க வாங்க மாமா. கதவுகிட்ட வாங்க.

மாமா: வந்துட்டேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? பூச்சி கடிச்சுடுச்சா?

கொழுந்தியா: சைடு கண்ணாடியில உங்களைப் பாத்துக்கிட்டே இருந்தேன். பின்னாடி சுவரு முழுக்க வெளிச்சம். உங்க சட்டை மேல, மூஞ்சி மேல, எல்லாம் வெளிச்சம். அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு எரியலன்னு சொல்றீங்க.

மாமா: அது வந்தும்மா...

கொழுந்தியா: எத்தனை நாளா மாமா கண்ணு இப்படி? இவ்வளவு பெரிய வெளிச்சம் கூடவா தெரியல? ஏன் எங்ககிட்ட சொல்லல? நான் ஒரு மடச்சி, வாய்க்கு வந்தபடி கேலி பண்ணிட்டிருந்தேன்...

மாமா: அழாத. வெளிச்சம் தெரியுது.

கொழுந்தியா: இன்னும் எதுக்கு மறைக்கறீங்க?

மாமா: நெசமாத்தான். மொத தடவை நீ கியர் போட்டப்பவே ரெண்டும் பளிச்னு எரிஞ்சுது. உன் வைரிங்ல ஒரு குத்தமும் இல்ல. பிளக்கை வெச்சுப் பாத்தப்ப நான்தான் கியரை நழுவ விட்டேன்.

கொழுந்தியா: அடப்பாவி மாமா. மதியத்துல இருந்து என்னைப் போட்டு... எதுக்கு?

மாமா: லைட்டு எரிஞ்சா நாளைக்கு நான்தானே ஓட்டணும்.

கொழுந்தியா: ஓட்டறதுக்கு என்ன?

மாமா: அன்னைக்கு நான் இருட்டால இடிக்கலம்மா. நேராப் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. ஓரம்தான் இல்ல. கண்ணாடியில பாத்தேன், தொட்டி இல்ல. இடிச்சப்புறம் இருக்கு. கண் டாக்டர்கிட்ட போனேன். ஓரப் பார்வை போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து குடுத்துட்டு, ஸ்டியரிங்கைத் தொடாதீங்கன்னாரு.

கொழுந்தியா: அக்காவுக்குத் தெரியுமா?

மாமா: மருந்தை டூல்ஸ் பெட்டியில வெச்சிருக்கேன். எப்படிச் சொல்ல? பெட்டியைப் பாத்துக்கறது அவ. தேன் எடுக்கறது நீ. எனக்குன்னு இருக்கறது இந்த ஸ்டியரிங் ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா இந்த வீட்டுல நான் யாரு? சாப்பிட வர்ற ஆளா?

கொழுந்தியா: வாயைக் கழுவுங்க.

மாமா: அதான் லைட்டு மேல பழியைப் போட்டு நாளைப் பொழுதை ஓட்டிடலாம்னு பாத்தேன். பயமா இருக்கும்மா. தொட்டி உடைஞ்சுது, கட்டிக் குடுத்தாச்சு. அந்த இடத்துல யாராவது ஒரு மனுஷன் நின்னிருந்தான்னு வை... அதை நினைச்சா எனக்குத் தொண்டையில சோறு இறங்கறதில்ல.

கொழுந்தியா: நான்தான் நின்னேன், மாமா. கடைசி நேரத்துல வரப்புல தாவிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவீங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. இருட்டுதான் காரணம், லைட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்னு என்னை நானே நம்ப வெச்சுக்கிட்டுதான், யாரும் கேக்காமலே இதை வாங்கி மாட்டினேன்... இப்படி வெளிறிப் போய் நிக்காதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறி உக்காருங்க. விடியறதுக்குள்ள எனக்குப் பின்னாடி போகப் பழகணும், பக்கத்துல உக்காந்து திட்டறதுக்கு இந்த வீட்டுல உங்களை விட்டா வேற யாரு இருக்கா?