மெதுவாக ஓடாத ஃபேன்

பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்துக் கரி பஸ்ஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவுமில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போவதற்குள் அடுப்பில் கரி போடுவதற்காக இரண்டாம் முறையாக நின்றது. என் முன்சீட்டில் மடியில் ஸ்குரு டிரைவர் பையோடு ஒரு ஒயர்மேன். ஒயர்மேனுக்குப் பக்கத்தில் இருந்தவர் அவரிடம் திடீரென்று கேட்டார்:

“ஏங்க, ஃபேன் மெதுவா ஓட ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“நாலுல வெச்சா பேய் மாதிரி ஓடுது. ஒண்ணு, ரெண்டு, மூணுல அசைய மாட்டேங்குது. மேஸ்திரி மூணு தரம் ஃபேனைக் கழட்டி மாட்டிட்டாரு.”

“சுவத்துல இருக்கிற ரெகுலேட்டரைத் தொறந்தாரா?”

“இல்லீங்க.”

“ஃபேன் மேல தப்பே இல்ல. நாலுல கரண்ட் நேரா போய்டும். மத்ததுல ரெகுலேட்டருக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள் வழியாத்தான் போவணும். அது அறுந்திருக்கும். அரை மணி வேலை.”

“அரை மணிதானா?”

“அதுவரைக்கும் நாலுலயே ஓடட்டுமே. இந்த வெயிலுக்கு நல்லதுதான்.”

“வெளக்கு அணைஞ்சிக்கினே இருக்குதுங்க.”

“கரண்ட் இருக்கிற வூட்ல என்ன வெளக்கு?”

“அப்பா தலைமாட்டுல வெச்ச வெளக்குங்க. விடிகாலையில போய்ட்டாரு. விழுப்புரத்துக்குப் பக்கத்துல காணையில இருக்கிற தங்கச்சி வந்துதான் எடுக்கணும். அவளக் கூப்பிடத்தான் போறேன். ஃபேனைப் போட்டா வெளக்கு நிக்கல. நிறுத்தினா ஒடம்பு தாங்காது.”

பஸ் கிளம்பியது. அவரே தொடர்ந்தார்:

“ரெண்டு மாசமா, காத்து மூச்சை அடைக்குது, மெதுவா வைடான்னு கேட்டுக்கினே இருந்தாருங்க. இன்னிக்கிக் காலையில நாலுல வெச்சேன். ஒண்ணுமே சொல்லல.”