நீலகண்டனின் கடல் தொட்டி

எனக்கு மீன்களிடம் எந்த விரோதமும் கிடையாது. மீனைக் கையால்கூடத் தொடாத குடும்பம், விரோதம் எங்கிருந்து வரும்?

கரமனையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே கிடந்த என் சாய்வு நாற்காலியை அகற்றிவிட்டுத்தான் அந்தக் கடல்நீர்த் தொட்டி வந்தது. வைத்தவன் நீலகண்டன், என் மனைவி பாகீரதியின் தம்பி. வேலை கிடைக்கும்வரை இருக்கிறேன் என்று தொண்ணூற்றாறில் வந்தான். மெட்ராஸில் வேலை கிடைத்தபோது, “தொட்டியை விட்டுட்டு எப்படிக்கா போறது?” என்றான். தொட்டி இல்லாவிட்டால் போய்விடுவான் என்பது என் எண்ணம்.

தொட்டிக்குள் இருந்த பாறையில் பச்சைப் பாசி படர்ந்தது. வேண்டாத பாசியை எப்படி அடையாளம் காண்பது என்று அவனே சொல்லித் தந்தான்.

“சின்னத் துண்டா ஒட்டிண்டு வரும், அத்திம்பேர். நல்ல இடமாப் பார்த்துப் பிடிச்சுக்கும். தீனி ஜாஸ்தியானா பெருகும். தானாப் போகாது.”

சொல்லிவிட்டு இன்னொரு தோசைக்குத் தட்டை நீட்டினான். எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

மருந்து என்ன என்று கேட்டேன். “செம்பு பட்டா பாசி போயிடும். ஆனா நத்தை, இறால், பவளம் எல்லாமும் சேர்ந்து போயிடும். செம்பைக் கிட்டயே கொண்டுவரப்படாது.”

நான் தினமும் சந்தியாவந்தனம் செய்கிறவன். பஞ்சபாத்திரத்தில் மிஞ்சும் தண்ணீரைச் செடியின் அடியில் விடுவது எங்கள் வழக்கம். பாசியும் ஒருவகையில் செடிதானே என்று தினமும் தொட்டியில் விட்டேன். பாத்திரம் செம்பாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? முந்தின நாளே அதில் புளித்தண்ணீரை ஊற விட்டது, பளபளப்புக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்; புளிப்பில் செம்பு கரையும் என்பது வேறு விஷயம்.

முதலில் நத்தைகள் விழுந்தன. பிறகு இறால்கள். அவை அழுகி நீர் கெட்டு, மீன்களும் மிதந்தன. பாசி அறவே ஒழிந்திருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

பாகீரதி அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மெட்ராஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைத்தேன். அந்த வேலை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

நீலகண்டன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “தினமும் காலம்பற தொட்டி முன்னாடி நின்னு ஜபம் பண்ணினேளே, பின்னாலேர்ந்து பார்த்திருக்கேன். இந்த ஆத்துல அதுகள்மேல பிரியம் வச்சது நீங்க ஒருத்தர்தான். உங்களை விட்டுட்டு நான் எங்கயும் போகலை. மெட்ராஸ்காராளுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

கொன்றது நான்தான் என்று அங்கேயே சொன்னேன். புளி உட்பட ஒன்றையும் மறைக்கவில்லை. “என் அஜாக்கிரதைக்கு நீங்க பழி ஏத்துக்கறேளா” என்று காலில் விழுந்தான்.

அதனால்தான் உங்களிடம் வந்து சொல்கிறேன். கொன்றது நான்தான். தயவுசெய்து அவனை ஒருதரம் நம்ப வையுங்கள்.