போன தடவை ஊசிக்குப் பிறகு

தாராவியில் தடுப்பூசி வரிசை. எனக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்றவள், கூட வந்தவளிடம் சொன்னாள்:

“ஊசியை விட வாட்ஸ்அப் குரூப்பை நினைச்சாத்தான்க்கா பயமா இருக்கு.”

“அங்க என்னட்டி கேட்ட?”

“போன ஊசிக்குக் காய்ச்சல் வந்து பிள்ளைக்குக் கை காலெல்லாம் இழுத்துச்சுல்லா, திரும்பப் போடலாமான்னு கேட்டேன். படிக்காத கழுதன்னு ஒருத்தன். பிள்ளைக்கு விஷம் ஏத்துறவ தாயான்னு இன்னொருத்தி. கேட்டதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல.”

“அத விடு. கை கால் இழுத்தத மறக்காம நர்ஸ்ட்ட சொல்லிரு.”

“அவங்களும் ஏசுனா?”

அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். அடுத்து நான், திறந்த வாசலிலேயே நின்றேன். போன தடவை ஊசிக்குப் பிறகு ஏதாவது ஆனதா என்று நர்ஸ் இந்தியில் மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“நஹி, சிஸ்டர்.”