நாலு மணி டீ

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை. நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் போகும் மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவர் கழுத்தில் கம்பெனி அட்டை. மற்றவர் அதே கம்பெனியை விட்டு, வீட்டிலிருந்தே டிசைன் செய்துகொடுக்கத் தொடங்கியவர்.

"வீட்லயும் நாலு மணி டீக்கு அலாரம் வச்சிக்கீறேன் மச்சான். உன் குரல்தான்."

"என் குரலா?"

"முன்ன வாட்ஸப்ல பேசி அனுப்புவியே, 'வாடா, டீ ஆறுது'ன்னு. அதான்."

"லூசாடா நீ?"

"எப்ப டிசைன் பண்றது, எப்ப பில்லு அனுப்புறது, எல்லாத்துக்கும் ஒரு டைம் வச்சிட்டேன். ஒழுங்கா ஓடுது. அந்த அலாரம் அடிச்சா மட்டும் செருப்ப மாட்டிக்கினு வாசல்ல வந்து நின்னுர்றேன். பேசாம கம்பெனிக்கே வந்துடட்டா?"

அட்டைக்காரர் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகினார்.

"நீ போனதுலேந்து நான் டீக்கு கீழ எறங்குறதே இல்ல மச்சான்."