முதலில் பார்க்க வேண்டியவர்கள்

படம் ஓடும்போது பக்கத்தில் யாராவது முறுக்கு தின்றால் எனக்குப் பிடிக்காது. மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் இந்தத் தமிழ்வேந்தனைப் பற்றி அந்த ஒரு புகாரைத்தான் சொல்வார்கள். மற்றபடி எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நீங்களும் விசாரித்திருப்பீர்கள், இன்ஸ்பெக்டர்.

வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தேன். வந்த கையோடு ஒரு திரைப்படக் கழகம் ஆரம்பித்தேன். உப்பு வியாபாரி ஒருவர் கிடங்கைக் கொடுத்தார். புதுச்சேரியில் பழைய புரொஜெக்டர் ஒன்று கிடைத்தது. உலகத்தில் எங்கெங்கோ எடுக்கப்பட்டு, யார் கண்ணிலும் படாமல் போன படங்களைத் தேடிப் பிடித்துப் போடுவது எங்கள் நோக்கம். முதல் காட்சிக்குக் கிடங்கு நிறைந்துவிட்டது. சண்டை உண்டா என்று உப்பளத்துப் பெண்கள் கேட்டார்கள். உண்டு, மனதுக்குள் என்றேன். அடுத்த படத்துக்கு அவர்கள் வரவில்லை. போகப் போக நானும் செயலாளர் அப்பாவுவும்தான் மிஞ்சினோம். அப்பாவுவும் பாதியில் தூங்கிவிடுவார். ஆள் குறையக் குறைய, நாங்கள் சரியான படங்களைத்தான் போடுகிறோம் என்ற நம்பிக்கை எனக்கு உறுதிப்பட்டது.

அனுமந்தை குப்பத்தில் சிங்காரத்தை நான் கண்டுபிடித்தது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மழைக்காலத்தில். அவரை என்று சொன்னால் தவறு. அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த படத்தை. வாலிப வயசில் அவர் கப்பலேறிப் போய், ஏதோ ஒரு குளிர்க்கடல் துறைமுகத்தில் சினிமாக் கொட்டகை ஒன்றைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். கொட்டகையை மூடியபோது, முதலாளி ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று ஒரு படத்தின் சுருள் பெட்டிகளைக் கொடுத்தனுப்பினாராம். முப்பதுகளில் எடுத்த ஊமைப்படம். குப்பத்தில் அத்தனை பேருக்கும் அந்தப் பெட்டிகளைத் தெரியும். சிங்காரம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு மனப்பாடமாகவே ஆகியிருந்தது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, கண்டுபிடிப்பது வேறு.

ஒரு சுருளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பனி கொட்டும் கரை, வலை, முக்காடு போட்ட பெண்கள். பெட்டி மேல் எழுதியிருந்த படத்தின் பெயர் என்னிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உலகத்திலேயே மிஞ்சிய ஒரே பிரதி இந்த ஓட்டு வீட்டில், கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்தவனுக்குச் சாப்பாடு இறங்காது.

சிங்காரம் நல்ல மனிதர். அதை நீங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். படத்தைத் தரமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை.

“நம்ம சனம் ஒருவாட்டி பார்த்துடட்டும் சார். எத்தினி வருஷமா வாயால சொல்லினு இருக்கிறேன். அப்புறம் நீங்களே எடுத்துனு போங்க” என்றார்.

நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். இப்படிப்பட்ட படத்தை முதலில் பார்க்க வேண்டியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இங்கே போட்டால் பிள்ளைகள் அழும், யாராவது விசிலடிப்பார்கள், திரையில் மீன் வந்தால் விலை கேட்பார்கள். சிங்காரம் சிரித்தார். கேட்கட்டுமே சார் என்றார். பிறகு படகிலிருந்து வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்தவர், அந்தப் படுக்கையிலிருந்தே ஊரைக் கூட்டித் தேதி குறித்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் திடலில்.

புரொஜெக்டர் கொண்டுவருவதாக நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்கும் சொன்ன வார்த்தை முக்கியம். ஞாயிறு காலையிலேயே மண்ணாங்கட்டியின் ஆட்டோவில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு போனேன். சிங்காரத்தின் மனைவி அஞ்சம்மாள் மீன் கூடையோடு கூனிமேட்டுக்குப் போயிருந்தார். சிங்காரம் கட்டிலில் படுத்தபடி, திரை எங்கே கட்டுவது என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் வெளியே சனங்கள் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் தண்ணீர் வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. எட்டிப் பார்த்தேன். கடல் வெகுதூரம் உள்வாங்கி, பார்த்தே இராத பாறைகள் தெரிந்தன. அது திரும்பி வரும் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை.

ஆட்டோவின் பின் சீட்டில் புரொஜெக்டர் இருந்தது. அதோடு பெட்டிகளையும் வைத்தால் நான் ஒண்டிக்கொள்ளலாம். மாவுக்கட்டுக் காலை நீட்டி ஒருவர் உட்கார வேண்டும் என்றால் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். இதுதான் நிலைமை. நான் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தேன்.

“சார், பொட்டி கிடக்குது. என்னைக் கொஞ்சம் தூக்கிவுடுங்க” என்றார் சிங்காரம். எப்போதும் போல மரியாதையாகத்தான் கேட்டார். இதோ வந்துவிட்டேன் என்று சொன்னேன். கடைசிப் பெட்டியை எடுக்கும்போது அவர் கட்டிலிலிருந்து இறங்கி, கையை ஊன்றி வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். இந்த வேகத்தில் போனால் மண்ணாங்கட்டி கண்ணில் பட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. மண்ணாங்கட்டி இளகிய மனசுக்காரன். புரொஜெக்டரைத் தண்ணீரில் வீசிவிட்டு அவரை ஏற்றியிருப்பான். அதனால் வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்?” என்று மண்ணாங்கட்டி கேட்டான்.

“யாரும் இல்லப்பா. எல்லாரும் போயிட்டாங்க” என்றேன்.

சிங்காரம் உள்ளேயிருந்து கதவைத் தட்டினார். கோபமாகத் தட்டவில்லை. ஆட்டோ சத்தத்தில் அது என் காதுக்கு மட்டும்தான் கேட்டது.

பெரிய அலை வந்தபோது நாங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி உப்பளத்துப் பக்கம் வந்துவிட்டோம். மழைத்தண்ணீர் தேங்கிய பாத்திகளின் வரப்பில் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். திரும்பிப் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டி வருகிறேன் என்று மண்ணாங்கட்டி துடித்தான். போ என்றேன். ஆனால் முதலில் பெட்டிகளை நிதானமாக இறக்கச் சொன்னேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு சொட்டு ஏறவில்லை. அன்றைக்கு அந்தக் கரையில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை, நாகரிகம் கருதி.

அதன்பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். அலை விட்டுவைத்த படம் என்று ஒரு சிற்றிதழில் கட்டுரை எழுதினேன். இரும்பை பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்பினார். ஐரோப்பாவில் ஒரு திரைப்பட விழாவிலிருந்து அழைப்பு வந்தது. போன வருஷம் போனேன். படம் முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. படத்தை வைத்திருந்தவர் யார் என்று ஒருவர் கேட்டார். அலையில் போய்விட்டார் என்று சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவருக்காக ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். நானும் நின்றேன்.

பெட்டிகளோடு நான் விமானத்திலிருந்து இறங்கும் புகைப்படம் தமிழ்ப் பேப்பரில் வந்தது. பொட்டலம் கட்டி வந்த அந்தப் பேப்பரை அஞ்சம்மாள் பார்த்திருக்கிறார். அலையில் அவர் வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தும் வாசல் கதவு மட்டும் சாத்தியபடி நின்றது என்கிறார்கள். உள்ளே ஆள் கிடக்க, வெளியே தாழ்ப்பாள். அலைக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியாது என்று அவர் இத்தனை நாளாக யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். பேப்பரை எடுத்துக்கொண்டு நேராக மண்ணாங்கட்டியிடம் போய், இந்த ஆளை அன்றைக்கு எங்கிருந்து ஏற்றினாய் என்று விசாரித்திருக்கிறார். பிறகு வங்கிக்கு வந்தார். கவுன்ட்டர் முன்னால் நின்று, “உள்ள ஆளு இருக்க சொல்ல, வெளியே தாழ்ப்பா போட்டது நீதானே?” என்று கேட்டார். வரிசையில் வரும்படி சொன்னேன்.

பதற்றத்தில் செய்துவிட்டதாகச் சொல்லுங்கள் என்கிறார் வக்கீல். அப்படி எழுதாதீர்கள். நான் பதறவில்லை. யோசித்துத்தான் பூட்டினேன். சிங்காரம் செத்துப்போவார் என்று தெரிந்தேதான் பூட்டினேன்.

விழாவின் கடைசி நாள் அந்த ஊர் ஆவணக் காப்பகத்து அம்மாள் என்னைக் காப்பிக்கு அழைத்தார். இந்தப் படத்துக்கு இதைவிட நல்ல பிரதிகள் பல காப்பகங்களில் இருக்கின்றனவாம். அந்த நாட்டில் வருஷா வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார்களாம். பிறகு என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அலைக்கதை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை, இன்ஸ்பெக்டர். நானும் மனுஷன்தானே. ஒரு சாதாரணப் படத்தை அபூர்வம் என்று கணித்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.